ஒரு படித் தவிடும் ஒரு நீதிமன்ற ஆணையும்

1

சென்ற ஆண்டு, என் மகனின் தலைத் திவசத்துக்கு அவனுடைய மகனை அனுப்பிவைக்க வேண்டும் என்று ஓர் அரசு அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். அனுமதி வந்தது, நிபந்தனைகளும் உடன் வந்தன. வீட்டுக்குள் நெருப்பு மூட்டக் கூடாது. குழந்தையின் வாயில் எதையும் ஊட்டக் கூடாது. மேற்பார்வையாளர் ஒருவர் அதே அறையில் இருப்பார். மந்திரம் எந்த மொழியில் வேண்டுமானாலும் இருக்கலாம். குழந்தையிடம் பேசுவது மட்டும் மேற்பார்வையாளருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

ஆகவே, எள்ளின் மேல் தண்ணீர் விடு என்பதை என் பேரனுக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னேன். விட்டான். சரியாகச் செய்தோமா என்று அறிய அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையில் நாற்காலியில் அமர்ந்திருந்த மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். பிறகு மடியிலிருந்த கணினியில் ஏதோ தட்டினார்.

அடுத்த திவசம் நெருங்குகிறது. புதுக்கோட்டையிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் உறவினர்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள்: பெற்ற பிள்ளைகளை அரசாங்கம் எப்படி எடுத்துக்கொள்ள முடியும், எடுத்ததை எப்படித் திருப்பி வாங்குவது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதிவிடுவது மேல். தொலைபேசியை நான் முன்போல் நம்புவதுமில்லை.

நான் வசிக்கும் நகரத்தின் பெயரையும் குழந்தைகளின் பெயர்களையும் எழுத நீதிமன்றத் தடை இருக்கிறது. கனடா என்று சொல்லலாமா என வழக்கறிஞரிடம் கேட்டேன். சொல்லலாம் என்றார். எழுத்தில் தரச் சொன்னேன். தந்தார். ஆகவே, கனடா.

2

கட்டடங்களின் உறுதியைச் சோதிப்பது என் தொழிலாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் அதையே கற்பித்தேன். சுவரில் விரிசல் தெரிந்தால் சுவரைப் பார்க்காதே, அடித்தளத்தைப் பார் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். எதையும் நம்பாமல் இருப்பதற்காக எனக்கு வாழ்நாள் முழுவதும் சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் ஓய்வூதியத்தோடு நின்றுவிடவில்லை.

என் மகன் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது இறந்தான். இதயம். அதைப் பற்றி இங்கே வேறெதுவும் எழுதப்போவதில்லை.

அவன் மனைவி, என் மருமகள், ஆலங்குடிக்காரி. கணக்கியல் படித்தவள். அவன் போன பிறகு அவளுக்குக் கிடைத்த வேலை முதியோர் காப்பகத்தில் இரவுப் பணி. பிள்ளைகள் இருவர். பெரியவள் அப்போதுதான் இரண்டாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள்; சின்னவன் பள்ளிக்குப் போகும் வயதை எட்டவில்லை. இரவில் அவர்களுடன் நான் போய்ப் படுத்துக்கொள்வேன். பிறகு எனக்கு இடுப்பெலும்பு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. நான் மருத்துவமனையில் இருந்த நாள்களில், உறங்கும் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். ஓர் இரவு பெரியவள் விழித்துக்கொண்டு, உள்ளிருந்தே கதவைத் திறந்து, தம்பியையும் எழுப்பிக் கைப்பிடித்து, அம்மாவைத் தேடி அடுக்ககத்தின் நடைகூடத்தில் நின்றிருக்கிறாள். யாரோ குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தின் எண்ணை அழுத்தியிருக்கிறார்கள்.

யார் என்பது சட்டப்படி ரகசியம். கோயிலில் பொங்கல் தொன்னையை நீட்டும் கை ஒவ்வொன்றையும் அதன்பின் நான் உற்றுப் பார்த்தேன். அதே அடுக்ககத்தில் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. அவர்களில் ஒருவர் என்னைக் கண்டதும் வாகன நிறுத்தத்துக்கு வேறு வழியாகப் போகத் தொடங்கினார். குற்ற உணர்வா, கூச்சமா என்று இன்றுவரை தெரியாது.

பிள்ளைகளை அழைத்துப் போனபோது அவர்களுடைய துணிகளைக் கறுப்புக் குப்பைப் பைகளில் போட்டுக் கட்டினார்கள் என்று மருமகள் சொன்னாள். அன்றைக்கு அவள் எனக்குச் சொன்னது அது ஒன்றுதான்.

நான் வசிப்பது முதியோருக்கான குடியிருப்பு. அங்கே குழந்தைகள் தங்க விதி இல்லை. ஆகவே பிள்ளைகள் ஒரு வளர்ப்புத் தாயின் வீட்டுக்குப் போனார்கள். கொடுக்கப்பட்ட தவணைக்குள் தாய் தன்னைத் தகுதியுள்ளவளாகக் காட்டினால் பிள்ளைகள் திரும்ப வருவார்கள். காட்டாவிட்டால் நிரந்தரப் பாதுகாவல் ஆணை பிறக்கும். அது பிறந்த பிறகு அவள் சட்டத்தின் கண்ணில் அவர்களுக்குத் தாய் அல்லள். யாரும் அவர்களைத் தத்தெடுக்கலாம். இவ்வளவுதான் விஷயம். மற்றவை எல்லாம் தாள்கள்.

3

வாரம் ஒரு முறை, அலுவலகத்தின் ஓர் அறையில் சந்திப்பு. அறையில் பொம்மைகளும், அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்க முடிகிற கண்ணாடிச் சாளரமும் இருந்தன. சாளரத்துக்கு அப்பால் யார் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் எப்போதும் யாரோ இருப்பதாகவே வைத்துக்கொண்டு அமர்ந்தேன்.

எங்கள் வழக்கு அலுவலர் இளம்பெண். இனிமையாகப் புன்னகைப்பார். புன்னகைத்துக்கொண்டே குறிப்பெழுதுவார். மருமகள் அழுதால், உணர்ச்சிக் கட்டுப்பாடு இல்லை என்று எழுதினார். அழாமல் இருந்தால், பிணைப்புக் குறைவு என்று எழுதினார். இரண்டையும் ஆவணங்களில் நானே வாசித்தேன். எந்த அளவுக்கு அழுதால் சரியாக இருக்கும் என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்.

சின்னவன் மெல்ல மெல்லத் தமிழை விட்டான். முதலில் பழங்களின் பெயர்கள் போயின, பிறகு தண்ணீர். தாகம் எடுத்தால் மேற்பார்வையாளரிடம் கேட்டான். பெரியவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. ஆனால் பேச மாட்டாள். ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்ற அறை விதியை அவள் தன் விதியாக ஆக்கிக்கொண்டாள். ஒரு நாள் மருமகள் வாய்தவறி, "சடையப் பின்னி விடட்டுமாடா?" என்று கேட்டுவிட்டாள். குழந்தை சாளரத்தைப் பார்த்து, தன் தாய்க்காக ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள்.

வளர்ப்புத் தாய் பெருத்த, அமைதியான பெண்மணி. ஒரு நாய் வளர்க்கிறார். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவதும் அழைத்துப் போவதும் அவரே. ஒவ்வொரு முறையும் நான் பிள்ளைகளின் காலணிகளைப் பார்ப்பேன், நகங்களைப் பார்ப்பேன், தலையை முகர்ந்து பார்ப்பேன். குறை எதுவும் கிடைக்கவில்லை. அது என்னை மேலும் கலங்கச் செய்தது. இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்பவர் திருப்பிக் கொடுக்க விரும்புவாரா?

4

தவணை முடியச் சில மாதங்கள் இருந்தபோது மருமகள் பகல் வேலைக்கு மாறிவிட்டாள். அவர்கள் சொன்ன வகுப்புகளுக்கெல்லாம் போனாள். மனநல ஆலோசகர் நல்ல அறிக்கை கொடுத்தார். எல்லாம் நேராகப் போவதாகத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றும்போதெல்லாம் நான் அடித்தளத்தைப் பார்ப்பேன்.

விரிசல் வளர்ப்புத் தாயின் சமையலறையில் விழுந்தது. அக்காளுக்கும் தம்பிக்கும் ஏதோ சண்டை. ஊரில் எந்த அக்காளும் சொல்வதைப் பெரியவள் சொன்னாள். ஆனால் ஆங்கிலத்தில் சொன்னாள். "நீ எங்க வீட்டுப் பிள்ளையே இல்லை. அம்மா உன்னை ஒரு டீச்சருக்கு விற்றுவிட்டாள். அப்புறம் தவிடு கொடுத்துத் திருப்பி வாங்கினாள்."

கேட்டதை அறிவிப்பது வளர்ப்புத் தாயின் சட்டக் கடமை. அறிவித்தார்.

திருக்கோகர்ணத்தில் நான் சிறுவனாக இருந்தபோது என் அக்காளும் என்னிடம் இதையே சொன்னாள். நான் ஒரு பிற்பகல் முழுவதும் கண்ணாடியின் முன் நின்று, என் காது மடலை அப்பாவின் காது மடலோடு நினைவில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் விஷயத்தில் அது வெறும் சீண்டல். சின்னவன் விஷயத்தில் உண்மை.

அவனுக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து, இங்கேயே, மருத்துவமனையை விட்டு வெளியே வராமல் போய்விட்டது. அடுத்ததைச் சுமந்தபோது மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். ஆலங்குடியில் சின்னவன் பிறந்தான். பிறந்ததும் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி டீச்சரிடம் அவனை முறத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு படித் தவிடு அளந்து கொடுத்து வாங்கிக்கொண்டாள். முந்தியதைக் கொண்டுபோனது எதுவோ அது இவனைத் தேடி வந்தால், இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, விலைக்கு வாங்கிய பிள்ளை என்று ஏமாந்து போக வேண்டும், அதற்கான ஏற்பாடு. ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே விளக்க வேண்டியிருந்தது.

அப்போது என் மகன் கனடாவில் இருந்தான். செய்தி கேட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னான்: "அப்பா, ஒங்க பேரன வித்துட்டாங்களாம். கைமேல தவிடு!" சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் சிரிப்பில் எனக்கு மிச்சமிருப்பவற்றுள் அதுவும் ஒன்று. அந்த உரையாடலை நான் எந்த அலுவலரிடமும் சொல்லவில்லை.

5

மருமகளுக்கு ஆங்கிலம் வரும் என்றாலும், விசாரணைக்குத் தொலைபேசி வழியே மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். இந்தக் குழந்தையை நீங்கள் யாருக்காவது விற்றீர்களா என்று அலுவலர் கேட்டார்.

மருமகள் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள். "ஆமாங்க. எங்க பக்கத்து வீட்டு டீச்சருக்குத்தான் வித்தேன். ஒடனே வாங்கிட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லையும் மாற்றாமல் மொழிபெயர்த்தார். எந்தத் தவறும் செய்யவில்லை. குறை சொல்ல யாரும் கிடைக்காததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மரபணுச் சோதனை கேட்டார்கள். அவளே தாய் என்று முடிவு வந்தது. நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அலுவலர் அதே புன்னகையோடு சொன்னார்: "அவர் தாய் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லையே. தன் குழந்தையைத் தானே விற்றாரா என்பதுதான் கேள்வி." தர்க்கத்தில் பிழை இல்லை. அவர் என் மாணவியாக இருந்திருந்தால் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

வழக்கறிஞர் வழி சொன்னார். இந்தியாவில் உள்ள அந்தப் பெண்மணியிடமிருந்து, எந்தக் கைமாற்றமும் நடக்கவில்லை, குழந்தை மீது தான் என்றுமே உரிமை கொண்டாடியதில்லை என்று ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். வாசகத்தை அவரே தயாரித்துத் தந்தார். தபாலில் அனுப்ப எனக்கு மனமில்லை. தலைத் திவசம் முடிந்த வாரமே, புதிய இடுப்பெலும்போடு விமானம் ஏறினேன்.

6

திருச்சியில் இறங்கி, கீரனூர் தாண்டி, புதுக்கோட்டையில் நிற்காமல் ஆலங்குடி போனேன். சம்பந்தி முந்திரி விவசாயி. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. பிறகு டீச்சர் வீட்டுக்குப் போனோம்.

ஆரோக்கியமேரி டீச்சர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, கனத்த குரல்.

"வாங்க சார், இங்கிட்டு வந்து ஒக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இஞ்சினியரு விழுந்தாருன்னா எனக்குத்தான் கெட்ட பேரு."

மகனைப் பற்றித் துக்கம் விசாரித்தார், சுருக்கமாக, முறையாக. பிறகு பத்திரத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, முழுவதையும் படித்தார்.

"இங்கிலீசு நல்லாத்தான் இருக்கு. விசயந்தான் பொய்யி."

"எது பொய், டீச்சர்?" என்றேன்.

"எந்தக் கைமாத்தமும் நடக்கலன்னு போட்டிருக்கே? நடந்துச்சே சார். இந்தா இந்த வாசல்ல. மொறத்துல வச்சு நீட்டுச்சு ஒங்க மருமக. நான் வாங்கி உள்ள கொண்டுபோயி என் கட்டில்ல போட்டேன். நல்லாத் தூங்குனான் பய. பெறகு வந்து கதவத் தட்டிக் கேட்டுச்சு, நான் தவிட்ட அளந்து வாங்கிக்கிட்டுக் குடுத்தேன். ரைஸ்மில்லுத் தவிடு. மாட்டுக்கு வச்சேன்."

"அது ஒரு சடங்குதானே."

"சடங்குன்னா பொய்யா சார்? கல்யாணங்கூடச் சடங்குதான். அதுக்காக நடக்கலன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

சம்பந்தி குறுக்கிட்டார். "டீச்சர், ஒரு கையெழுத்துத்தானே கேக்குறாரு. அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்காரு."

"ஒங்க முந்திரிக்காட்ட என் பேருக்கு எழுதுங்க பாப்போம். அதுவும் ஒரு கையெழுத்துத்தானே?"

டீச்சர் அடுத்த வரியில் விரலை வைத்தார்.

"இது அதவிட. உரிமை கொண்டாடுனதே இல்லையாமே? வருசா வருசம் பொறந்தநாளுக்கு அவனுக்குச் சட்டை யாரு எடுத்து அனுப்புறா? ஒங்க மருமகளக் கேளுங்க. கணக்குக்கு அவன் என் புள்ள சார். அந்தப் பொண்ணு வளத்துக்கிட்டு இருக்கு, அம்புட்டுத்தான்."

அந்த வாக்கியத்தை வழக்கு அலுவலரின் காதுகளால் நான் கேட்டேன். டீச்சர் பத்திரத்தை மடித்து என் பக்கம் நகர்த்தினார்.

"நான் மாதா கோயிலுக்குப் போறவ. இதுலயெல்லாம் எனக்கு நம்பிக்கை கெடயாது. ஃபாதருகிட்டயே சொன்னேன், அவரும் சிரிச்சாரு. ஆனா சார், அந்தப் பய இன்னைக்கு வரைக்கும் நல்லா இருக்கான்ல? அன்னைக்கு நடந்தது பொய்யின்னு முத்திரைத்தாள்ல எழுதி, கையெழுத்தும் போட்டு, கடல் தாண்டி அனுப்பச் சொல்றீங்க. யாருக்குத் தெரியக் கூடாதுன்னு பண்ணுனமோ அதுக்கே தெரிஞ்சுபோகும்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தகப்பன் போன வீடு. நான் போட மாட்டேன்."

பகுத்தறிவு சார்ந்த மறுமொழிகள் என்னிடம் நிறைய இருந்தன. அவர் கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்தேன்.

பிறகு கேட்டேன்: "அப்படியானால், நீங்கள் எதை எழுதித் தருவீர்கள்?"

"நடந்தத எழுதித் தாரேன்."

உள்ளே போய்ப் பேனா எடுத்துவந்து, வகுப்பறைக் கையெழுத்தில் எழுதினார். 'இக்குழந்தையை அதன் தாயிடமிருந்து நான் வாங்கினேன். ஒரு படித் தவிடு பெற்றுக்கொண்டு முழு மனதோடு அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். என்னிடமிருந்து வாங்கியவள் அவள் ஒருத்தியே. இனி யாரிடம் இருந்தாலும் குழந்தையை அவளிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.'

7

விற்றதை மறுக்கும் தாளைக் கேட்டு வந்தவன், விற்றதை உறுதிசெய்யும் தாளோடு புதுக்கோட்டைக்குப் பயணமானேன். டீச்சரும் சம்பந்தியும் உடன் வந்தார்கள். நீதிமன்றத்துக்கு அருகில் இருந்த நோட்டரி வழக்கறிஞர் தாளைப் படித்துவிட்டு எங்கள் மூவரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்.

"பச்சப்புள்ள, தவிடு, கனடா. மூணும் ஒரே பத்திரத்துல வருது. எனக்கு என்னமோ சரியாப் படலைங்க. போலீஸ் கேஸு ஏதும் இருக்கா?"

"தம்பி, நீங்க எந்த ஊரு?" என்றார் டீச்சர்.

"கறம்பக்குடி பக்கங்க."

"ஒங்க ஊருல தவிட்டுக்கு வாங்குன புள்ள யாரும் கெடயாதாக்கும்?"

நோட்டரி சற்று நேரம் முத்திரைக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க சித்தப்பா இருக்காரு," என்றார் கடைசியில். "ஆனா அவரு எந்த ஊருக்கும் எழுதிக் குடுத்ததில்ல." முத்திரை வைத்தார். எங்கள் மூவரின் ஆதார் அட்டைகளையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். என் அட்டையை மட்டும் பின்பக்கமும் எடுத்தார்.

ஆங்கில மொழிபெயர்ப்பை மின்னஞ்சலில் அனுப்பினேன். வழக்கறிஞர் உடனே அழைத்தார். இதைத் தாக்கல் செய்தால் விற்பனைக்கு நாமே சாட்சி கொடுத்தது போலாகும். தாளே இல்லாமல் போவது நல்லது என்றார். அவர் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது. ஆனால் தாய் நான் அல்லன். மருமகளை அழைத்து, டீச்சர் எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

"அப்படியே குடுத்துருங்க மாமா," என்றாள்.

"அவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று யோசித்தாயா?"

"யோசிச்சேன். பொய் சொல்லி வாங்குனா, எந்நேரமும் வந்து எடுத்துக்கிட்டுப் போவாங்களோன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கணும். என்னால முடியாது மாமா." பிறகு, "டீச்சருக்குச் சுகர் எப்படி இருக்குன்னு கேட்டீங்களா?" என்றாள்.

கேட்கவில்லை. திரும்பவும் போய்க் கேட்டேன்.

8

நீதிபதி ஒரு பெண்மணி. டீச்சரின் பத்திரத்தை அவர் எங்கள் முன்னிலையில் வாசித்தபோது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் வைத்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற முகம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தத் தாளிலேயே நின்றார். வாங்கினேன் என்று வாங்கியவரே எழுதியிருக்கிறார்; பண்டம் பெற்றதும் எழுதியிருக்கிறது; இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்றார்.

நீதிபதி மருமகளிடம் நேரடியாகக் கேட்டார்: "ஏன் கொடுத்தீர்கள்?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு போயிருச்சுங்க," என்றாள் அவள். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் நேரிலேயே நின்றிருந்தார். "இவனும் என் புள்ளைன்னு தெரிஞ்சா, வந்துரும்னு பயமா இருந்துச்சு."

"எது வந்துவிடும்?"

மொழிபெயர்ப்பாளர் காத்திருந்தார். நீதிபதி கேள்வியை மாற்றினார்: "குழந்தையை யாரிடமிருந்து மறைத்தீர்கள்?"

"சாவுகிட்ட இருந்துங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அறையில் யாரும் எதுவும் எழுதவில்லை. வழக்கு அலுவலர்கூட எழுதவில்லை. அதை நான் கவனித்தேன்.

"மறைத்தது பலித்ததா?" என்று கேட்டார் நீதிபதி.

"அவன் இருக்கான்," என்றாள். "அவுங்க அப்பாவத்தான் நான் யாருக்கும் விக்கல."

நான் என் கைத்தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆணை சில வாரங்கள் கழித்து வந்தது. தாயின் உரிமைகள் திரும்பத் தரப்பட்டன. முதலில் மேற்பார்வை இல்லாத சந்திப்பு, பிறகு வார இறுதி, பிறகு முழுமையாக வீடு. ஓராண்டுக்கு அலுவலர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார். காரணங்களாக அவள் வேலை நேரம் மாற்றியதும், வகுப்புகளுக்குப் போனதும், ஆலோசகரின் அறிக்கையும் சொல்லப்பட்டிருந்தன. தவிட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. டீச்சரின் தாள் எங்களைக் காப்பாற்றியதா, அதையும் மீறி நாங்கள் தப்பினோமா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த ஆணையைப் பலமுறை வாசித்துவிட்டேன். மேல்முறையீட்டுக்கான கால அவகாசம் முடியும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மருமகளைக் கேட்டுக்கொண்டேன். அவள் அன்றைக்கே டீச்சருக்குச் சொல்லிவிட்டாள்.

9

பிள்ளைகளை முழுமையாக வீட்டுக்கு அழைத்துவர, வளர்ப்புத் தாயின் வீட்டுக்கு மருமகளும் நானும் போனோம். வழக்கு அலுவலர் முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். கையில் கணினி.

பொருள்களை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். கறுப்புப் பைகளில் போன துணிகள் இரண்டு புதிய பெட்டிகளில் வந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் பிள்ளையின் பெயர் தமிழில் எழுதி ஒட்டியிருந்தது. கோணல் எழுத்துகள், யாரோ பார்த்து வரைந்தவை. யார் வரைந்தது என்று நான் கேட்கவில்லை. வளர்ப்புத் தாயின் கண்கள் சிவந்திருந்தன. அவர் எங்களை எதிர்த்து ஏதேனும் சொல்லியிருப்பார் என்று கடைசிவரை நினைத்திருந்தேன். அதற்கான தடயத்தை ஆவணங்கள் முழுவதிலும் தேடியிருக்கிறேன். இல்லை.

சின்னவனை அவர் தூக்கிக்கொண்டு வாசல்படியில் நின்றார். மருமகள் அவனை உடனே வாங்கவில்லை. தோள்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்தாள். கடையில் உடல்நலப் பண்டங்களின் அடுக்கில் விற்கும் கோதுமைத் தவிடு. விலைச்சீட்டை உரித்திருந்தாள்.

அலுவலரைப் பார்த்தேன். அவர் பொட்டலத்தைப் பார்த்தார்.

"இது என்ன?" என்று கேட்டார்.

"ரொட்டி செய்ய நல்லது," என்றாள் மருமகள், தெளிவான ஆங்கிலத்தில்.

வளர்ப்புத் தாய் ஒன்றும் கேட்கவில்லை. பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருந்த சொல்லைத் தன் சமையலறையில் முதலில் கேட்டவர் அவர்தான். சின்னவனை ஒரு கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு, மறு கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அது கைக்கு வந்த பிறகே குழந்தையைக் கொடுத்தார். அந்த வரிசையை அவர் தெரிந்து செய்தாரா, தற்செயலா என்று என்னால் சொல்ல முடியாது. அலுவலர் கணினியைத் திறக்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்பதும் எனக்குப் புரியவில்லை.

காரில் நான் முன்னிருக்கையில் இருந்தேன். சந்திப்பின் விளக்குக்காக நின்றபோது பெரியவள் தன் பக்கத்துக் கண்ணாடியைக் கீழே இறக்கி, தெருவை ஒரு முறை பார்த்துவிட்டு, தம்பியின் பக்கம் திரும்பினாள். ஓராண்டுக்கும் மேலாக அவள் வாயிலிருந்து நான் கேட்காத தமிழில் சொன்னாள்:

"டேய், ஒன்னய மறுபடியும் தவிட்டுக்குத்தான்டா வாங்கியிருக்கு."

சின்னவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அக்காளைப் பார்த்துச் சிரித்தான். மருமகள் ஓட்டுச் சக்கரத்தைப் பிடித்தபடி தோள் குலுங்கச் சிரித்தாள், அல்லது அழுதாள்.

நான் பக்கத்துக் காரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். பிறகு கையைப் பின்னால் நீட்டி, பெரியவளின் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றினேன்.